வலப்பக்க மேடு

அயோவாவில் எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தின் வலப்பக்கக் கோடி மேடாக இருக்கும். வெளியூர் ஆட்டக்காரர்கள் பந்தைப் பார்த்தபடி பின்னால் ஓடி அங்கே விழுவார்கள். எங்கள் எமில் ஹாசெக் மட்டும் கீழே பார்க்காமலே ஏறிப் பிடிப்பார்.

அணி கலைந்தது. மேட்டை வெட்டிச் சமமாக்கி மரக்கடை வைத்தார்கள். எமில் அங்கேயே பலகை சுமக்கச் சேர்ந்தார். அந்தக் கோடிக்குப் போனால் அவர் கால் தானாக உயர்ந்து, சமதரையில் தடுமாறும்.

“என்ன எமிலண்ணே, மலை ஏறுறீங்களா?” என்பான் வண்டிக்கார க்ளைட்.

ரயில்வேயில் நல்ல வேலை வந்தும் அவர் போகாதபோது மனைவி விளாஸ்தா கேட்டாள்: “அந்த மரக்கடையில இன்னும் என்னங்க இருக்கு?”

“ஒண்ணும் இல்லதான். ஆனா காலு இன்னும் ஏறப் பாக்குதே. அது நிக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்.”

“அப்போ சாகுற வரைக்கும் பலகைதான்,” என்றவள், மறுநாள் மரக்கடைக்கே சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.