கேனில் திரும்பிப் போன தண்ணீர்

திருவட்டாறுக்கு அப்பால் ஓடைக்கரையில் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை வைத்திருக்கிறார் செல்லத்தாய். அவருக்குச் சொந்தமாக ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. ஆனால் அந்த ஊரில் ஐம்பது சென்ட், ஒரு ஏக்கர் என்று மரம் வைத்திருப்பவர்களின் ஷீட்டெல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். காலையில் மரங்களில் பால்வெட்டு முடிந்ததும் கேன்களில் ரப்பர் பால் வரும். டிஷ் என்னும் அகலத் தட்டுகளில் ஊற்றி, தண்ணீரும் ஆசிட்டும் கலந்து வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் அது கட்டியாகி இருக்கும். செல்லத்தாய் அதைக் கையால் பரத்தி உருளைகளில் கொடுத்து எடுப்பார். கணவர் தாணுலிங்கம் சவூதியிலிருந்து திரும்பி வந்து வாங்கிப் போட்ட மிஷின்கள் அவை. அவர் இறந்த பிறகு வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை.

உருளையில் பிழிபடும் புளித்த தண்ணீர் ஒரு குழாய் வழியாக ஓடையில் விழும். ஓடை ஊர்க் குளத்துக்குப் போகும். கோயில் தெருக்காரர்களும் சர்ச் தெருக்காரர்களும் குளிப்பது அந்தக் குளத்தில்தான். குளத்தங்கரைக் கிணற்றிலிருந்துதான் எல்லா வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர். மழை இருக்கும்வரை ஓடை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். சென்ற வருடம் மழை கார்த்திகையோடு நின்றது. தை மாதம் குளம் வெளுத்துக் கலங்கியது. குளித்தவர்களுக்கு உடம்பு அரித்தது. குழாய்த் தண்ணீரிலும் வாடை வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நாற்றம் அதிகம். ஞாயிறன்று ஆலய ஆராதனை, கல்யாணம் என்று இருப்பவர்கள் சனிக்கிழமைப் பாலை அன்று சாயங்காலமே ஷீட்டாக்க ஆசைப்பட்டு ஆசிட்டை இரட்டிப்பாக ஊற்றுவார்கள்.

குளத்துப் படிக்கட்டில் கூட்டம் போட்டார்கள். மழை வரும்வரை கொட்டகையை மூட வேண்டும் என்றார் ஜெயசிங். ஊரில் அதிக மரம் வைத்திருப்பவர் அவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். செல்லத்தாயும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். குளம் நன்றாக இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கொட்டகையை மூடிவிட்டுப் பிழைக்கவும் முடியாது.

“அண்ணே, எனக்கு ஒரு மரம் உண்டா? குளத்துல கெடந்து நாறுதது ஒங்க எல்லாருக்க பாலுதான். நாளையில இருந்து பாலு கொண்டு வந்த கேன்ல அவனவன் ஷீட்டு பிழிஞ்ச தண்ணியையும் கொண்டு போணும். ஓடைக்குப் போற குழாய நான் அடைக்கப் போறேன்” என்றார்.

“கல்யாண வீட்டுல சாப்பிட்டா, கை கழுவுன வெள்ளத்தையும் வீட்டுக்குக் கொண்டு போணுமோ மைனி?” என்றார் படிக்கட்டில் இருந்த பொன்னுலிங்கம். எல்லோரும் சிரித்தார்கள்.

“அத அடுத்தவன் எலையில ஊத்தப்பிடாது. அவ்வளவுதான்.”

மறுநாள் குழாயின் வாயில் சாக்கைத் திணித்து சிமெண்டால் பூசிவிட்டார். நான்கு வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த ஊர்க் கொட்டகைக்குப் போனார்கள். அங்கே போக ஏற்றம் ஏற வேண்டும். மற்றவர்கள் முனகிக்கொண்டே கேனைச் சுமந்தார்கள். ஜெயசிங் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போவார்.

அடுத்த வாரம் அவர் மனைவி நேசம்மாள் காலி கேனோடு கொட்டகைக்கு வந்தார். குழாய்த் தண்ணீர் நாறத் தொடங்கியதிலிருந்து வீட்டின் பழைய கிணற்றிலிருந்துதான் அவர் சமையலுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்.

“எனக்க கிணத்துப் பக்கத்துல, வாழ மூட்டுலயாக்கும் அந்தத் தண்ணிய கொண்டு ஊத்துகாரு அக்கா. ஊருக் கிணறு நாறினப்போ கூட்டம் போட்டாரு. எனக்க கிணறுன்னதும், ஒரு கேன்தானேன்னு சொல்லுகாரு.”

செல்லத்தாய் காலி கேனை வாங்கி வைத்தார். அவர்கள் தோட்டத்தின் மேல்மூலையில், பாறையடியில், மரம் நிற்காத இடம் இன்னும் சும்மாதான் கிடக்கிறதா என்று கேட்டார். அது ஓடையிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் தள்ளி இருக்கும் இடம்.

இரண்டு நாள் கழித்து ஜெயசிங்கே வந்து, எல்லோருடைய தண்ணீருக்கும் அங்கே குழி தோண்டிக்கொள்ளலாம், ஆனால் நாற்றம் தன் வீட்டுக்கு வரக்கூடாது என்றார். ஆளாளுக்கு மண்வெட்டி கொண்டு வந்தார்கள். குழிக்கு அடியில் சிமெண்ட் பூசினார்கள். ஆசிட்டின் புளிப்பு குறைய சுண்ணாம்பு வாங்கிப் போட்டது பொன்னுலிங்கம். செல்லத்தாய் ஆசிட் பாட்டிலைத் தன் கையில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமைப் பால் இனி ஞாயிறு காலையில்தான் ஷீட்டாகும். கோபித்துப் போன நான்கு வீட்டில் இரண்டு திரும்பி வந்தன; இரண்டு வரவில்லை.

ஊர்க் கிணற்றின் வாடை பங்குனியில் போனது. குளம் தெளியக் கோடைமழை வர வேண்டியிருந்தது. கொட்டகை ஒரு நாளும் மூடப்படவில்லை.

இப்போது ஞாயிறு காலைகளில் ஜெயசிங் வெள்ளைச் சட்டையைக் கொட்டகைக் கொடியில், ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு பாறையடிக்கு ஏறுகிறார். திரும்பி வந்து கைகால் கழுவிச் சட்டையைப் போடும்போது பொன்னுலிங்கம் விடுவதில்லை.

“அண்ணே, இந்த வாசத்தோட போனா ஆலயத்துல பக்கத்துல யாரு இருப்பா?”

“நேசம்மா பெண்கள் வரிசையிலதானே இருப்பா, அவளுக்கு வாசம் எட்டாது” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்புகிறார். செல்லத்தாய் அடுத்த டிஷ்ஷை எடுக்கிறார்.