வீக் பாசிட்டிவ்

சித்தூரில் மாம்பழக் கூழ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். கூழ் பீப்பாய்களில் அடைபட்டு வளைகுடா நாடுகளுக்குப் போகும். கல்யாணமான மறு வருடமே என் கணவரும் டிரைவர் வேலைக்குக் குவைத் போய்விட்டார். கூழோடு கூழாக அவரையும் அடைத்து அனுப்பிவிட்டாயா என்று கூட வேலை செய்த பெண்கள் கேலி செய்வார்கள்.

குளிர்பதன அறையிலிருந்து மாதிரி எடுத்து வர வேண்டியது நான்தான். ஒரு நாள் வெளியே வந்து கையுறையைக் கழற்றினால் மூன்று விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. கிள்ளிப் பார்த்தேன், தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவை நீலமாகி, பிறகு சிவந்து, ஊசி குத்துவதுபோல வலித்து, பழையபடி ஆயின. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் போனதும் அந்தச் சமயத்தில்தான். அந்த வருடம் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு சிக்குன்குனியா. எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எனக்கும் அதுதான் என்று விட்டுவிட்டேன். மற்றவர்களெல்லாம் தேறினார்கள். என் விரல்கள் தேறவில்லை.

சித்தூர் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். மூட்டுவாதத்துக்கான சோதனை எல்லைக்கோட்டில் நின்றது. ஏ.என்.ஏ. என்ற இன்னொன்றுக்கு எதிரே ‘வீக் பாசிட்டிவ்’ என்று அச்சடித்திருந்தது.

“நம்ம உடம்பே நம்ம உடம்ப எதிரின்னு நெனச்சி அடிக்கிற வியாதி ஒண்ணு இருக்கும்மா. லூபஸ்னு பேரு. அதுவா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திருப்பதியில இதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காரு, அவரப் பாத்துடு” என்றார்.

எனக்கு இது பிடிபடவில்லை. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் கூழின் இனிப்பு அளவு குறைந்தால் அந்தத் தொட்டியை நிறுத்திவிடுவோம், சரியாக இருந்தால் அனுப்புவோம். ‘இருக்கலாம்’ என்று நான் ஒரு நாளும் எழுதிக் கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து கணவர் போன் செய்தார். “ரத்தத்துல பாசிட்டிவ்னு வந்துகீது” என்றேன்.

“இன்னா பாசிட்டிவ்?”

“இன்னான்னு அவங்களுக்கே சரியா தெரீல” என்று சொல்லும்போதே அவருடைய கார்டு தீர்ந்து இணைப்பு அறுந்தது. சமையலறையில் மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

அடுத்த நாளிலிருந்து மாமியார் அடியோடு மாறிப்போனார். காலையில் எனக்கு அவித்த முட்டை. துணி துவைக்கப் போனால் பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டார். நான் பார்க்காத நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை வலிக்காகத்தான் இவ்வளவு பரிவு என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

நாங்கள் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். புதன்கிழமைகளில் பெண்கள் ஜெபக்கூட்டம் வீடு மாற்றி வீடு நடக்கும். அந்த வாரம் கூட்டத்தை நடத்திய அம்மாள் கண்ணை மூடியபடி உருக்கமாகத் தொடங்கினார்: “ஆண்டவரே, புருஷன் தூர தேசத்துல சம்பாரிக்கப் போயி, ஒரு பாவமும் அறியாத இந்த மகளுக்கு அந்தப் பொல்லாத வியாதிய…”

நான் கண்ணைத் திறந்தேன். மூன்று நான்கு பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர்களில் எல்லாம் எய்ட்ஸ் விளம்பரம் எழுதியிருந்த காலம் அது. பாசிட்டிவ் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்.

திரும்பி வரும் வழியில் நடுத்தெருவில் நின்று கேட்டேன். “யாருத்தே சொன்னது?”

“நீதானம்மா போன்ல சொன்ன. எம்புள்ளதான் உனக்கு அத்தக் குடுத்துட்டானேன்னு நான் யார்கிட்ட போய் அழுவேன்? கூட்டம் நடத்துற அந்தம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன்.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கோபப்படத்தான் நினைத்தேன், முடியவில்லை. அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்டு, அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறார். இது அந்தப் பாசிட்டிவ் இல்லை என்று வீடு வந்து சேரும்வரை விளக்கிச் சொன்னேன்.

அவர் மகன் அப்படி இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பேசியபோது வேறு எதுவும் கேட்பதற்கு முன்னால், “எனக்கு இங்க விசாவுக்கு மெடிக்கல் எடுத்தாங்க. ஒண்ணும் இல்லன்னுதான் வந்திச்சி” என்றார்.

அந்த வாக்கியம் அதோடு முடியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. ‘அப்படியென்றால் உனக்கு எப்படி?’ என்ற மீதியை அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று மாமியாரும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“உன் மெடிக்கல நீயே வெச்சிக்கோடா. அவ வெரலு வெள்ளையா போறத நான் கண்ணால பாத்தேன். இது வேற ஏதோ வியாதி. திருப்பதிக்குப் போய்க்கினு கீறோம். வந்து சொல்றேன்.”

திருப்பதி டாக்டர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். பூதக்கண்ணாடி வைத்து என் நகக்கண்களைப் பார்த்தார். வாயில் புண் வருகிறதா, முடி கொட்டுகிறதா, வெயிலில் முகம் சிவக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டார். வேறொரு ஆய்வகத்தில் மறுபடியும் ரத்தம் கொடுக்கச் சொன்னார். அங்கே ஏ.என்.ஏ. ‘நெகட்டிவ்’ என்று வந்தது.

மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “அப்ப ஒண்ணும் இல்லையா சார்?”

டாக்டர் சிரித்தார். “உந்தனி காது, லேதனி காது.” இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நல்ல ஆரோக்கியமாக இருக்கும் சிலர் ரத்தத்திலும் இது மங்கலாகத் தெரியும், ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறவும் செய்யும் என்று விளக்கினார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இதைவிட முக்கியமான மற்ற சோதனைகளிலும் ஒன்றுமில்லை. ஆனால் விரல் வெளுப்பதும் காலையில் கை பிடித்துக்கொள்வதும் நிஜம். அதற்கு ஒரு மாத்திரை எழுதினார், மலேரியாவுக்குக் கொடுக்கும் மாத்திரைதான். குளிர் அறைக்குப் போகவே கூடாது என்றார்.

“இதுக்குப் பேரு இன்னா சார்?” என்று கேட்டேன்.

“பேர் வைக்கிறதுக்கு இன்னும் நேரம் வரலம்மா. வராமலே போனாலும் போகும். பார்த்துக்கிட்டே இருப்போம்.”

மாமியார் கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, இது தொற்றுமா என்று தெலுங்கில் கேட்டார். டாக்டர் இல்லை என்று அழுத்திச் சொன்னார். அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் வெளியே வந்தார்.

அடுத்த ஜெபக்கூட்டத்தில் அவராகவே எழுந்து நின்றார். “போன வாட்டி எம் மருமகளுக்குன்னு பண்ண ஜெபத்த வாபஸ் வாங்கிக்கறேன். அது வேற பாசிட்டிவ். இது ஒட்டாது. யாரும் யாரையும் கெடுக்கல” என்றார். ஜெபத்தை வாபஸ் வாங்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்தி சிரித்துவிட்டாள், பிறகு எல்லோரும் சிரித்தோம். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் நானும் சிரித்தேன்.

ஆனால் கணவர் சொல்லாமல் விட்ட அந்த மீதி வாக்கியம் எனக்குள் வெகுநாள் இருந்தது. அடுத்த விடுமுறையில் அவர் வந்தபோது மார்கழிக் குளிர். முற்றத்துக் குழாயைத் திறந்தவுடன் என் விரல்கள் வெளுத்தன. ஓடி வந்து என் கைகளைத் தம் உள்ளங்கைகளுக்குள் பொத்தி வைத்துக்கொண்டார். நிறம் திரும்பும்வரை விடவில்லை. “தெரியாம பேசிட்டேன்” என்றார். “எங்க ரூம்ல ஒருத்தன அந்த மெடிக்கல்ல பாசிட்டிவ்னுதான் திருப்பி அனுப்பிச்சாங்க. பயந்துகினு கெடந்தேன்.” அவரும் அங்கே தனியாகப் பயந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தொழிற்சாலையில் என்னைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். ரத்தச் சோதனை ஒரு வருடம் வீக் பாசிட்டிவ் என்று வரும், ஒரு வருடம் ஒன்றும் இருக்காது. முதலில் ஒவ்வொரு காகிதத்துக்கும் தூக்கம் கெட்டது. பிறகு, காலையில் டப்பா மூடியைத் திறக்க முடிகிறதா என்று பார்ப்பதே எனக்குப் போதுமானதாக ஆயிற்று. பெரும்பாலும் முடிகிறது. நோய்க்கு இன்றுவரை பேர் கிடையாது.

அவர் குவைத்தை விட்டு வந்து சித்தூரில் சொந்தமாக வேன் ஓட்டுகிறார். அந்த மாத்திரை கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை திருப்பதியில் கண் பரிசோதனை. சொட்டு மருந்து விட்டால் சாயங்காலம் வரை எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். அன்று வேனை நிறுத்திவிட்டு அவரும் என்னோடு வருவார். பேருந்து நிலையத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு வண்டியின் பலகையையும் எனக்காக உரக்கப் படித்துச் சொல்வார்.