மாடம் நீங்கலாக

பத்திரம் பதிவாவதற்கு முதல் நாள், அதன் நகலை எடுத்துக்கொண்டு விற்பவர் வீட்டுக்குப் போய், அடுப்படி வரைக்கும் கேட்கும்படி உரக்கப் படித்துக் காட்டுவது என் வழக்கம். திருச்செங்கோட்டில் அப்போது வீட்டுத் தரகு பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருந்தோம். மற்ற யாரும் இதைச் செய்ததில்லை. விற்கிற ஆம்பளையிடம் பேசி முடித்தால் முடிந்தது என்பார்கள். எனக்கு அது ஒப்பாது. அந்த வீட்டில் விளக்கு வைத்தவர்கள் பெண்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் காதிலும் விழ வேண்டும் என்று நினைப்பேன். நான் படித்தது நாலாவது வகுப்பு. பத்திரத் தமிழ் எனக்கே பாதிதான் விளங்கும். விளங்காத பாதியைச் சொந்த வார்த்தையில் கொஞ்சம் அலங்காரமாகச் சொல்லிவிடுவேன்.

“அந்த வாய் மட்டும் இல்லீன்னா, இந்நேரம் ஊர்ல பாதி ஊட்டை நீங்களே முடிச்சிருப்பீங்க” என்பாள் என் மனைவி. மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். அர்த்தநாரீசுவரர் பாதி உடம்பையே பெண்டாட்டிக்குக் கொடுத்தவர். அவர் ஊரில் இருந்துகொண்டு என் பெண்டாட்டிக்கு நான் ஒரு வார்த்தையை விட்டுக்கொடுத்தால் என்ன.

சிக்கலான வீடுகள் எப்படியோ என்னைத் தேடி வந்தன. ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இருவருக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அண்ணன் சொன்னதை நான் சுற்றிக்கொண்டு போய்த் தம்பியிடம் சொல்ல வேண்டும். அது அவருக்கு ஏற்கெனவே நன்றாகக் கேட்டிருக்கும். இருந்தாலும் நான் வந்து சொல்லும் வரை காத்திருந்து, “அப்படியா சொன்னான்?” என்று முதல் தடவை கேட்பதுபோல் கேட்பார். விற்று முடிப்பதற்குள் என் செருப்பு தேய்ந்துவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு வீடு. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று, ஆனி மாசக் கடைசி. மலையடிவாரத்துக்குப் பக்கத்துத் தெருவில் நீளமான கூடமுள்ள ஓட்டு வீடு. புருஷன் போய்ச் சேர்ந்த ஒரு ஆத்தாள் பேரில் இருந்தது. மகனுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு வேலை. அங்கே சின்னதாக ஒரு வீடு பேசி வைத்திருந்தான். இதை விற்றால்தான் அது. சேலத்து வீட்டுக்காரர் ஆடி பிறப்பதற்குள் முடியாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

வாங்க வந்தவர் குமாரபாளையத்து நெசவுக்காரர். அவருக்கும் ஆடிதான் கெடு. ஆற்றோரத்தில் வாடகைக்கு இருந்தார். காவிரியில் தண்ணீர் ஏறினால் தறிக்குழியில் ஊற்றெடுத்துவிடும். “காலை வெச்சு மிதிச்சா சளக் சளக்குங்குதுங்க. துணி நெய்யறனா, நாத்து நடறனான்னு தெரியில” என்றார். நீளக் கூடத்தைப் பார்த்ததும் அடிவைத்து அளந்து, நாலு தறி போடலாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். ஆடியில் ஒருவரும் குடிபோக மாட்டார்கள், பத்திரமும் எழுத மாட்டார்கள். ஆகவே ஆனிக்குள் முடித்தாக வேண்டும்.

வழக்கம்போல் முதல் நாள் மாலை போய்ப் படித்தேன். ஆத்தாள் கூடத்துத் தூணில் சாய்ந்து, வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். எல்லைகள் வந்தன, தலையசைத்தார். முடிவில் அந்த வழக்கமான வரி வந்தது: மேற்படி வீட்டிலுள்ள கதவு நிலவு, நிதி நிக்ஷேபம் முதலான சகல பாத்தியங்களும் வாங்குபவரே புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.

“அதாவதுங்க ஆத்தா,” என்று நான் ஆரம்பித்தேன், “மேல ஆகாசம் வரைக்கும், கீழ பாதாளம் வரைக்கும், ஊட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியறது, தெரியாதது அத்தனையும் அவிங்களுக்குப் போயிருதுங்க. அப்புறம் ஒருத்தரும் வந்து இது என்னுதுன்னு கேக்க முடியாது.”

மெல்லுவது நின்றது.

“கண்ணுக்குத் தெரியாததுமுங்களா, சாமி?”

“அதுந்தானுங்க” என்றேன், நன்றாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில்.

“அப்ப நான் நாளைக்குப் பத்திரக் கச்சேரிக்கு வல்லீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகுதான் எனக்குச் சொன்னான். கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையில், சுவரில் ஒரு மாடம். அவனுக்கு மூத்தவள் ஒருத்தி ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை எங்கள் பக்கம் வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். அந்த மாடத்தில் ஒரு மூங்கில் பெட்டி, அதில் ஒரு பாவாடை, இரண்டு கண்ணாடி வளையல். தை மாசம் புதுப் பாவாடை மாற்றி வைப்பார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு. இத்தனை தடவை அந்த வீட்டுக்குப் போயும் நான் சாமான் வைக்கும் மாடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

“பெட்டியை எடுத்துட்டுப் போயிரலாமுன்னுதான் ஆத்தா இருந்துது. இப்ப நீங்க பாதாளம் வரைக்கும் எழுதிக் குடுத்துட்டீங்க” என்றான் மகன்.

உள்ளிருந்து ஆத்தாள் குரல் வந்தது. “பெட்டியை எடுத்துக்கலாம். புள்ளையை? அவளை ஒரு வார்த்தை கேக்காம அவளையும் சேர்த்து வித்துப்போட்டு நான் பஸ் ஏறட்டுமா? அங்க போயி வெறும் பாவாடையை வெச்சுக் கும்பிடறதா?”

என் வாய்தான் இத்தனையும் செய்தது.

மறுநாள் காலை கச்சேரி வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர் நடந்ததைக் கேட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏனப்பா, இருபது வருசமா நிக்ஷேபமுன்னு எழுதறேன். புதையலுன்னு அர்த்தம், ஒருத்தரும் கேட்டதில்லை. நீ போயி கேக்காமயே சொன்னியா?” என்றார். ஆனாலும் நல்ல மனுஷர். பேனாவை மையில் தொட்டு, “மாடம் நீங்கலாக” என்று இரண்டு வார்த்தை நடுவில் செருகினார். “போ, தீந்துது.”

தீரவில்லை. மனைவியோடு வந்து காத்திருந்த நெசவுக்காரர் அதைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

“அதெப்படிங்க? சுவரு என்னுது, சுவத்துல இருக்கிற ஓட்டை அவிங்களுதா? தறி அடிச்சாச் சுவரு அதிரும். அப்ப நான் யாரைக் கேட்டு அடிக்கறது? சேலத்துக்குக் காயிதம் போட்டுக் கேக்கறதா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் மனைவி, “அந்த ஆத்தாளைப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாமுங்க” என்றார்.

போனோம். ஆத்தாள் பாயைப் போட்டு எல்லோரையும் உட்காரவைத்து, மோர் கொடுத்தார். கோபமே இல்லை. “பூக் கேக்கறேனுங்க,” என்றார். “அவ வாரேன்னு சொன்னா, மாடத்துல ஒரு புடி மண்ணு எடுத்து, அதுல அவளைக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் மாடமும் உங்களுது, சுவரும் உங்களுது. வல்லீன்னா, இந்த ஊட்டை விக்கறதுக்கு இல்லீங்க.”

பூக் கேட்பது தெரியாதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டும் வெளியே ஒன்றுபோல் தெரிய இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். சின்னக் குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம்.

மறுநாள் காலைக்கு ஏற்பாடு. பூ மடிப்பது என் பொறுப்பு. பத்திரம் எழுதுகிறவர் என்னைத் தனியாக இழுத்துப் போய், “ரெண்டுலயும் வெள்ளையை வெச்சுக் கட்டிப்போடு. யாருக்குத் தெரியப்போகுது?” என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கும் வந்திருந்தது. காலையில் ஆமணக்கு இலையைப் பறித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தபோது வெள்ளைப் பூ மடியில் நிறையவே இருந்தது. நிமிர்ந்தால் நேர் எதிரே மலை. என்ன செய்வது, அந்த ஊரில் எந்த வாசலில் உட்கார்ந்தாலும் மலை தெரியும். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று ஒழுங்காகவே கட்டினேன்.

எடுப்பதற்கு என் கடைசிப் பெண்ணைக் கூட்டிப் போயிருந்தேன். ஐந்து வயது. ஆத்தாள் விளக்கேற்றி, மாடத்துக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக் கேட்டார்: “சாமி, இந்த ஊட்டை வித்துப்போட்டுப் போலாமுன்னு இருக்கறோம். உனக்குச் சம்மதமா, சொல்லு.”

என் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். ஆத்தாள் பிரித்தார். சிவப்பு.

என் பெண், “வெல்லம் தாரேன்னீங்களே” என்றாள்.

மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நெசவுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். ஆனியில் இன்னும் மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிறு. ஆத்தாள் அந்தச் சிவப்புப் பூவைக் கண்ணில் ஒற்றி மாடத்தில் வைத்தார். “அவளுக்கு இஷ்டமில்லீங்க” என்றார். அழவில்லை. ஆனால் மகன் முதுகைப் பார்த்த பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த ஒரு மகனும் சேலத்தில், இவர் மட்டும் இங்கே என்று மிச்சக் காலத்தைத் தனியாக ஓட்ட மனசைத் தயார் செய்துகொள்வது தெரிந்தது.

அப்போது நெசவுக்காரர் மனைவி கேட்டார். “ஏனுங்காத்தா, புள்ளைக்கு எத்தனை வயசுன்னீங்க?”

“ஒம்பது, அம்மிணி.”

“ஒம்பது வயசுப் புள்ளைகிட்டப் போயி ஊட்டை விக்கட்டுமான்னு கேட்டா, எந்தப் புள்ளைங்க செரிங்கும்? இந்தத் தரகரு கேட்டாப்பல கேட்டுட்டீங்க. அம்மா போறேன், எங்கூட வாரயான்னு கேளுங்க.”

ஆத்தாள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு, “அது செரிதான்” என்றார்.

“பூவை இந்தத் தடவை நான் மடிக்கறேன். அவுரு கை ராசி பாத்தாச்சு” என்று சொல்லி, என் மடியிலிருந்த பூவையும் இலையையும் அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு புழக்கடைப் பக்கம் போனார். திரும்பி வந்து இரண்டு பொட்டலத்தையும் விளக்கு முன்னால் போட்டார்.

ஆத்தாள் இந்த முறை கண்ணை மூடவில்லை. மாடத்தோடு முகம் வைத்து, பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போன பெண்ணைக் கூப்பிடுவதுபோல் கேட்டார். “கண்ணு, அம்மா சேலத்துக்குப் போறேன். தம்பியும் அங்கதான் இருக்கறான். எங்கூட வாரயா?”

என் பெண் எடுத்தாள். ஆத்தாள் பிரித்த அவசரத்தில் இலை கிழிந்தது. வெள்ளைப் பூ கொட்டியது.

அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நெசவுக்காரர் என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெல்லம் வாங்கப் போனார். மற்றப் பொட்டலத்தை அவர் மனைவி குனிந்து எடுத்து மடியில் செருகிக்கொண்டதை நான் பார்த்தேன். அதில் என்ன பூ இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மலையிலிருப்பவருக்குத் தெரியும், அது போதும்.

மாடத்தின் அடியில் ஆத்தாள் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கரண்டிக் காம்பால் சுரண்டி, ஒரு பிடி மண் எடுத்தார். அதை மஞ்சள் துணியில் முடிந்து, பாவாடை வளையலோடு பெட்டியில் வைத்தார்.

“இனி காலி மாடந்தானுங்களே, நான் அதுல விளக்கு வெக்கலாமுங்களா?” என்று நெசவுக்காரர் மனைவி கேட்டார்.

“உன்ற ஊடு, அம்மிணி. வெய்யி” என்றார் ஆத்தாள்.

மறுநாள் பத்திரத்தில் “மாடம் நீங்கலாக” என்ற இரண்டு வார்த்தையும் அடிக்கப்பட்டு, புதிதாக நகல் எழுதப்பட்டது. கச்சேரியில் ரிஜிஸ்திரார் வழக்கப்படி, “எழுதிக் கொடுத்தது சம்மதந்தானா?” என்று கேட்டார்.

“எனக்குச் சம்மதமுங்க. அவளுக்கும் சம்மதமுங்க” என்றார் ஆத்தாள்.

ரிஜிஸ்திரார் தலை நிமிர்ந்தது. “அவள்னா யாரு? பாத்தியதைக்காரி இன்னொருத்தி உண்டா?”

பத்திரம் எழுதுகிறவர் என் காலை மிதித்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். ஆனாலும் திறந்தேன். “ஊட்டுச் சாமிங்க. பூக் கேட்டாச்சு. வெள்ளை வந்துருச்சுங்க” என்றேன். ரிஜிஸ்திரார் மைப்பெட்டியை ஆத்தாள் பக்கம் நகர்த்தினார். ஆத்தாள் பெருவிரலை அழுத்தி வைத்தார்.

ஆனி கடைசி நாள் சாமான் வண்டி முன்னால் போய்விட்டது. ஆத்தாளையும் மகனையும் பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி போட்டு ஓட்டுகிற பஸ், கிளம்புவதற்கே அரை மணி அடுப்பை ஊத வேண்டும். ஆத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூங்கில் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தார். கண்டக்டர் வந்தார்.

“பெட்டியை மேல போடுங்க ஆத்தா. மடியில எதுக்கு?”

“மேல போடக்கூடாதுங்க. என்ற புள்ளை.”

கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். மேலே சுற்றியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். எங்கள் பக்கத்து ஆள்தான், மேற்கொண்டு கேட்கவில்லை. மகனுக்கும் ஆத்தாளுக்கும் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “மடியில இருக்கிற புள்ளைக்குச் சீட்டு இல்லீங்க” என்று சொல்லி அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.