எசனில் சபைக்கு முதுகு காட்டிய பெண்

சனிக்கிழமை காலை 6.15க்கு லைப்சிக்கில் ரயில் ஏறினேன். ஹனோவரில் மாறி எசன் போய்ச் சேர ஐந்து மணித்தியாலத்துக்கு மேல். சீட்டு 39 யூரோ 90 சதம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் சனிக்கிழமை லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். என் அக்காவின் மகள் தாரணி ஓர் ஆபிரிக்க நடனக்குழுவுக்குத் தலைவியாவாளா மாட்டாளா என்பது இன்று பின்னேரம் தெரிந்துவிடும். அந்த நேரம் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கவா?

எதிரே இருந்த ஜெர்மன் அம்மா பேச்சுக் கொடுத்தார்.

"ஆபிரிக்க நடனமா? உங்கள் பெறாமகள் எந்த ஊர்?"

"எசன்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாரணி பதினொரு வருடம் பரதம் படித்தவள். இருபத்திரண்டு வயதில் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தபோது, சோதனைக்கு முதல் நாள் அவள் இருந்த விடுதியின் கீழ் மண்டபத்தில் மேளம் அதிர்ந்தது. சத்தத்தைக் குறையுங்கள் என்று சண்டை பிடிக்கப் போனாள். குழுவை நடத்திய கினி நாட்டுப் பெண் ஃபத்து, "ஐந்து நிமிடம் ஆடிப் பார், பிறகு ஏசு" என்றாராம். போனவள் மூன்று மணித்தியாலம் ஆடிவிட்டு வந்தாள். அக்கா ஒரு மாதம் அவளோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. பின்வரிசையில் ஆடினாள், சனிக்கிழமைகளில் சிறுவர் வகுப்பு எடுத்தாள், நகரசபைக்கு அந்திராக் என்ற விண்ணப்பம் எழுதி மண்டபம் வாங்கினாள். இப்போது ஃபத்து கினிக்கே திரும்பிவிட்டார். தலைமைக்கு நிற்பது தாரணி மட்டும்தான். இன்று ஆட்டம் முடிந்ததும் கை தூக்கி வாக்கெடுப்பு. அவள் தேறாவிட்டால் குழுவைக் கலைப்பதென்று பேச்சு.

11.40. எசன் ரயில் நிலையத்தில் தாரணி நின்றாள்.

"சின்னம்மா, களைச்சுப் போனியளே?"

"என்னை விடு. உன்ரை முகம் ஏனடி வெளிறிக் கிடக்கு?"

"சேக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. அவர் கை தூக்காட்டி மற்ற மேளக்காரரும் தூக்காயினம்."

சேக்குதான் தலைமை மேளம். வாரநாட்களில் நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஆட்டம் நடக்கும் அல்டன்எசனுக்கு நிலத்தடி டிராமில் பத்து நிமிடம். வழியெல்லாம் பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

1.00. பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் ஒத்திகை. இருபத்தாறு பேர்: கினி, கானா, ஜெர்மன், துருக்கி, தாரணியோடு இன்னொரு தமிழ்ப் பிள்ளை. இந்த ஆட்டத்தில் அடி மாறுவதற்குக் கணக்கில்லை. தலைமை மேளம் ஒரு தனிக் கொட்டுக் கொட்டும். அப்போதுதான் மாற வேண்டும். எங்கள் ஆள் என்ன செய்தாள்? உதடு அசைய 'தக திமி' என்று எண்ணினாள். கணக்கு முடிந்ததும், கொட்டு வருமுன்னே மாறினாள். பின்னால் நின்றவர்களும் மாறி, ஒருவரோடு ஒருவர் மோதினார்கள்.

சேக்கு மேளத்திலிருந்து கையை எடுத்தார். "நீ எண்ணுகிறாய், தாரணி. என்னைக் கேட்கவில்லை."

அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மனிதர் சொன்னது உண்மை, என்ன செய்வது?

4.00. நானூறு கதிரைகளும் நிறைந்துவிட்டன. முன்வரிசையில் பட்டுச்சேலைகளோடு எங்கள் சனம், அரங்கேற்றத்துக்கு வந்ததுபோல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. ஆட்டம் நன்றாகத்தான் போனது. கடைசி உருப்படியில் சேக்கு அந்தத் தனிக் கொட்டுக் கொட்டவே இல்லை. ஒரே அடி, ஒரே அடி. ஆட்கள் களைக்கத் தொடங்கினார்கள். சோதிக்கிறார் என்று எனக்கே விளங்கியது. "தெய்வமே, எண்ணாதை பிள்ளை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அப்போது தாரணி சட்டென்று திரும்பி எங்களுக்கு முதுகைக் காட்டினாள்! "ஐயோ, சபைக்கு முதுகு காட்டுறாளே" என்றார் பக்கத்தில் இருந்த பட்டுச்சேலை மாமி. பரதம் படித்த பிள்ளை கனவிலும் செய்யாத காரியம். அவள் ஆடியபடியே மேளங்களை நோக்கிப் போனாள். சேக்குவின் கண்ணைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்து, நிலம் அதிர ஒரு மிதி மிதித்தாள். கேட்டல்ல, கட்டளையிட்டு வாங்கினாள் அந்தத் தனிக் கொட்டை. இருபத்தாறு பேரும் ஒரே மூச்சில் மாறினார்கள். மண்டபம் எழும்பி நின்றது. பக்கத்து மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விசிலடித்தார்.

6.00. உறுப்பினர் கூட்டம். இது ஜெர்மனி, ஆட்டக்குழுவும் பதிவு செய்த சங்கம், எல்லாவற்றுக்கும் கை தூக்க வேண்டும். சேக்கு முதல் ஆளாக இரண்டு கையையும் தூக்கினார். குறிப்பெடுத்த ஜெர்மன் மாது, "ஒருவருக்கு ஒரு வாக்குத்தான்" என்று கண்டிப்பாகச் சொன்னார். எதிர்த்து ஒரு கையும் எழவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்?

எங்கள் சங்கங்களில் தலைவர் தெரிவு முடிந்தால் மறுமாதம் இரண்டு சங்கம் இருக்கும். இங்கேயும் அப்படி ஆகிவிடுமோ என்று உள்ளுக்குள் பயமிருந்தது. ஆகவே ஞாயிறு காலை ரயிலுக்கு முன் மண்டபத்தை எட்டிப் பார்த்தேன். பத்து மணிக்குப் பயிற்சி என்பது தாரணியின் முதல் உத்தரவு.

10.04க்கு சேக்கு மூச்சிரைக்க வந்தார். தாரணி கதவடியில் நின்றாள்.

"பத்து என்றால் பத்து, சேக்கு. பஸ்ஸை இப்படித்தான் எடுப்பீர்களா?"

வயதில் மூத்த மனிதர், இத்தனை பேருக்கு முன்னால்! அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"மன்னிக்க வேணும், தலைவி" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினார்.