வடக்கே போய்த் தெற்கே பறந்தவர்

தூத்துக்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்த காசிலிங்கம் அண்ணாச்சிக்குக் கொழும்பு ஒன்றும் புதிய ஊர் அல்ல. சாயங்காலம் கப்பலேறினால் மறுநாள் காலையில் அங்கே பல் தேய்க்கலாம். இருபது வருஷமாக அப்படித்தான் போய்வந்தார். நாற்பத்தெட்டாம் வருஷம் அக்காள் மகள் செல்லக்கனிக்குக் கொழும்பில் கல்யாணம் நிச்சயமானதும், தாய்மாமனின் அந்தஸ்துக்குக் கப்பல் போதாமல் போய்விட்டது.

"மெட்ராசுல இருந்து ஏரோப்ளேன். நானூறு மைலு. நடுவுல திருச்சியில எறங்கி ஏறினாலும் மூணு மணி நேரந்தான்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அதைக் கேட்டு முடிக்காமல் யாருக்கும் கருப்பட்டி கிடைக்கவில்லை.

மனைவி வடிவம்மாளுக்கு மட்டும் கணக்கு இடித்தது.

"மெட்ராசுக்குப் போக ரயில்ல ஒரு ராத்திரி ஆகுமே?"

"அது ரயிலு ஓடுத நேரம். நான் சொல்லுதது பறக்குத நேரம்."

"அப்பம் திருச்சியில ஏறுங்களேன். பக்கந்தானே?"

"ஏளா, பாதி வழியில கைகாட்டி ஏற அது என்ன பஸ்ஸா?"

வடிவம்மாள் கொழுந்தன் நல்லக்கண்ணுவோடு கப்பலில் போக ஏற்பாடு செய்துகொண்டாள்.

தெற்கே இருக்கும் கொழும்புக்கு அண்ணாச்சி வடக்கே ரயிலேறினார். மீனம்பாக்கத்தில் மழை அவரை வரவேற்றது. இன்றைக்கு விமானம் இல்லை என்றார்கள். மறுநாளும் அதையே மரியாதையாகச் சொன்னார்கள். ஒருவழியாகக் கிளம்பியபோது கையில் ஒரு காகிதப் பை கொடுத்தார்கள். பட்சணம் என்று ஆவலாகப் பிரித்தார். வெறும் பைதான். அது எதற்கு என்பது செங்கல்பட்டு தாண்டுவதற்குள் விளங்கிவிட்டது. திருச்சியில் இறங்கியதும், அப்படியே ரயிலடிக்குப் போய்விடலாமா என்று பார்த்தார். சீர்ப் பெட்டி விமானத்துக்குள் இருந்ததால் மறுபடியும் ஏறினார்.

கல்யாண வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. தாய்மாமன் மாலையை நல்லக்கண்ணு போட்டுவிட்டான். ஆகாய மார்க்கமாக வந்தவருக்கு மூன்றாம் பந்தியில் இலை போட்டார்கள்.

"மூணு மணி நேரந்தானா ஆச்சு?" என்றாள் வடிவம்மாள்.

"பறந்தது மூணு மணி நேரந்தான்" என்றார், இலையை விட்டுத் தலை நிமிராமல்.

செல்லக்கனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுத கண். "மாமா, மேகத்தையெல்லாம் கிட்டத்துல பாத்தீயளா? எப்படி இருந்துச்சு?"

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பெருமைப் பேச்சு எதுவும் அவர் வாயில் வரவில்லை.

"கண்ணத் தொறந்தாத்தானே தாயி."

அந்தப் பயணத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். அவள் சிரித்துவிட்டாள். கழுத்து மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, "இப்பம் போடுங்க மாமா" என்று தலையைக் குனிந்தாள். சாதம் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மாலையைப் போட்டார்.

ஊருக்கு எல்லாரும் கப்பலில்தான் திரும்பினார்கள். ஏன் பறக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல அண்ணாச்சி ஒரு காரணம் வைத்திருந்தார். கப்பல் துறைமுகம் தாண்டும் முன்பே தூங்கிப்போனதால் அதைச் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று.