பேஸ்போல் அட்டைகளுக்கு விலை கேட்கச் சிட்னிக்குப் போனோம்

மெல்பேர்ணில் எங்கள் நோபல் பார்க் வீட்டு அலுமாரியில் ஒரு பெட்டி நிறையப் பேஸ்போல் அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவருடைய ஆட்டக் கணக்கு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவர் ரவியும் அவருடைய அண்ணன் சந்திரனும் ரொறன்ரோவில் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு, சம்பள நாட்களில் பக்கெற் பக்கெற்றாக வாங்கிச் சேர்த்தவை. இவர் மெல்பேர்ணுக்கு வந்தபோது பெட்டியும் கூடவே வந்துவிட்டது. பிறகு சந்திரன் அத்தானும் சிட்னியில் குடியேறி, "என்ர பாதி எங்க?" என்று கேட்டார். "விலை ஏறட்டும் அண்ணை, பிரிச்சால் மதிப்பில்லை" என்றார் இவர். அதிலிருந்து ஐந்து வருடமாக இருவரும் கலியாண வீடுகளில் தலையாட்டுவதோடு சரி.

சிட்னியின் பரமற்றாவில் பழைய விளையாட்டு அட்டைகளின் சந்தை நடக்கப்போவதாகப் போன மாதம் அறிந்ததும், இருவருக்கும் நானே சொல்லிவிட்டேன்: "சேர்ந்து போய் விலை கேளுங்கோ. ஒரு முடிவுக்கு வாங்கோ."

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ஹியூம் நெடுஞ்சாலையால் கிட்டத்தட்ட 900 கிலோமீற்றர், பெற்றோல் 140 டொலர். பின் சீற்றில் பெட்டிக்கு இவர் பெல்ற் போட்டிருந்தார். "பிள்ளையளுக்குக்கூட இவ்வளவு கவனமாப் போட்டதில்லை" என்றேன். வழியில் ஹோல்புரூக் பூங்காவில் நிற்கும் நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்க அரை மணி நேரம் நின்றோம். கடலே இல்லாத ஊரில் அதைப் பார்ப்பது நல்ல வேடிக்கை. மாலை நாலரைக்குப் பரமற்றா. அத்தான் வீடு பத்து நிமிடத்தில் இருக்க, 165 டொலர் கொடுத்து மோட்டலில் தங்கினோம்.

மறுநாள் பத்து மணிக்கு அத்தான் மண்டப வாசலில் நின்றார்.

"வந்திட்டியோ?"

"ஓம்."

நுழைவுக் கட்டணம் ஐந்து டொலர். அட்டை விற்கும் ஒரு பெண்மணி பெட்டியைத் திறந்து பொறுமையாகப் பார்த்தார். மூலைகள் மழுங்கவில்லை, படங்கள் சரியாக நடுவில் விழுந்திருக்கின்றன, அருமையாக வைத்திருக்கிறீர்கள் என்றார். இருவர் முகமும் மலர்ந்தது. ஆனால் அந்த வருடங்களில் அளவுகணக்கில்லாமல் அச்சடித்தார்களாம். வாங்கியவர்களும் விலை ஏறுமென்று எறியாமல் வைத்துக்கொண்டார்களாம். முப்பது டொலர் தரலாம் என்றார்.

"ஒரு அட்டைக்கோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அத்தான்.

"முழுப் பெட்டிக்கும்."

அத்தான் பெட்டியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "டேய், நீ வந்த பெற்றோலுக்கே காணாதேடா!"

இவருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அத்தானும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதற்காகவா இவ்வளவு காலம் என்று எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது.

விற்கவில்லை. அதே மேசையில் அந்தக் காலத்துப் பிரிக்காத பக்கெற்றுகள் இரண்டு டொலருக்கு இருந்தன. ஆளுக்கு ஐந்து வாங்கி, காரின் பொனற்றில் வைத்தே பிரித்தார்கள்.

"இவன் எனக்கு."

"உங்களிட்ட இவன் இருக்கிறான் அண்ணை, விடுங்கோ."

பக்கெற்றுக்குள் முப்பது வருடப் பழைய பபிள்கம் இருந்தது. நான் தடுக்குமுன் அத்தான் வாயில் போட்டுவிட்டார். முகம் கோணியது.

"எப்பிடி?"

"கண்ணாடித் துண்டு மாதிரி. இந்தா, நீயும் தின்."

இவரும் தின்றார். அன்றிரவு அத்தான் வீட்டில்தான் தங்கினோம்.

இப்படிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு: எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் தொடக்கத்து அட்டைகள் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையை விடுங்கள், உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்கள். அட்டைகளைத் துடைக்க வேண்டாம். சந்தைக்குக் காலையிலேயே போனால் விற்பவர்கள் ஆறுதலாக, நேரமெடுத்துப் பேசுவார்கள்.

பெட்டியை இவராகவே சிட்னியில் விட்டுவிட்டு வந்தார். நேற்று அத்தான் போன் எடுத்து, இரட்டையாக உள்ளவற்றைத் தம்பிக்கென்று பிரிப்பதாகச் சொன்னாராம். முக்கால் மணி நேரம் பேசினார்கள். எனக்குப் போனே கிடைக்கவில்லை.