எவ்வளவு குடிக்கும்?

எனக்கு அறுபத்து நாலு வயதாகிறது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். இன்றைக்கும் மண்ணெண்ணெய் வாசனை எங்கிருந்தாவது மூக்கில் ஏறினால், டின்னின் கம்பிப் பிடி இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதைப் போல என் வலது உள்ளங்கை தானாக மடங்கிக்கொள்கிறது. நாங்கள் அதைச் "சீமெண்ணெய்" என்போம். அந்த வாசனை மற்றவர்களுக்குப் பழைய அடுப்பங்கரையை நினைவுபடுத்துமாம். எனக்குக் கோபம்தான் வரும்.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் அப்போது பாதியில் நின்றுபோன மொட்டைக் கோபுரம். அதன் பக்கத்தில்தான் டாக்ஸிகள் நிற்கும். அங்கே இன்னொருவர் டாக்ஸியைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பாவுக்குச் சொந்த வண்டி வாங்கும் ஆசை வந்தது; அம்மாவின் வளையல்கள் அதற்காகக் கழன்றன. தரகர் ஒருவர் இரண்டு பழைய கார்களை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்று சின்னது, நாலு பேர் நெருக்கிக்கொண்டு உட்காரலாம். மற்றது கறுப்பு நிறம், யானைக்குட்டி மாதிரி உடம்பு, பின்சீட்டில் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அப்பா சின்னதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெரியதன் கதவைத் திறப்பதும் மூடுவதும் அந்த "டொப்" சத்தத்தைக் கேட்டு மீசையைத் தடவுவதுமாக இருந்தார். நிலைப்படியில் நின்றிருந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏங்க, இது எவ்வளவு குடிக்கும்?"

தரகர் சிரித்துவிட்டார். "என்னக்கா, பசுமாடா பிடிக்கிறீங்க?"

"மாடு குடிச்சா பாலாவது கறக்குதுங்க. இது குடிச்சுட்டு என்ன தரும்?"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா விடவில்லை, சின்ன வண்டிக்குப் பாதி பெட்ரோல் போதும் என்று தரகரே இப்போதுதானே சொன்னார் என்றாள். அப்பாவுக்கு முகம் சிவந்தது. "உள்ள போய் காப்பியப் போடு. நெருப்புப்பெட்டி மாதிரி வண்டிய வச்சிக்கிட்டு நின்னா எந்த மவராசன் ஏறுவான்?" என்றார். அம்மா உள்ளே போனாள். கறுப்பு வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கினார்கள்.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சமயபுரத்துக்கும் வயலூருக்கும் சவாரி கிடைத்தது, நானும் முன்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து போனதுண்டு. பிறகு ஒரேயடியாகப் பெட்ரோல் விலை ஏறியது. "அரபு நாட்டுக்காரன் குழாய மூடிட்டான்" என்று அப்பா திட்டிக்கொண்டே வந்தார். "எங்கயோ இருக்கிறவன் குழாய மூடினா நம்ம பொழப்பு ஏன் நிக்கணும்? அவனை நம்பியா வாங்கினீங்க?" என்று அம்மா கேட்டதற்கு ஒரு சொம்பு பறந்து வந்தது. சவாரிக்காரர்கள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். சின்ன வண்டியை வாங்கியவர் மட்டும் எங்கள் எதிரிலேயே வாடகைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

அப்போது யாரோ அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், பெட்ரோலோடு சீமெண்ணெய் கலந்து ஊற்றலாமென்று. அன்றிலிருந்து வண்டி எங்கள் வீட்டுக்குள் வந்து குடிக்க ஆரம்பித்தது. ஸ்டவ்வுக்கு வைத்திருந்ததைக் குடித்தது. அம்மா மறுபடியும் மரத்தூள் அடுப்பில் கண்ணெரிய ஊதினாள். பிறகு அரிக்கேன் விளக்கில் இருந்ததைக் குடித்தது. எங்கள் வீட்டில் கரெண்டு கிடையாது. அந்த விளக்கின் கீழேதான் நான் படித்தேன். நான் பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா விளக்கை ஊதி அணைத்து, சூடு ஆறுமுன் அடியிலிருந்த எண்ணெயை வடித்துக்கொண்டு போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதுவும் போதவில்லை. அக்கம்பக்கத்துக் கார்டுகளையெல்லாம் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்து ரேஷன் கடை வரிசையில் நிறுத்தினார். எண்ணெய் வண்டி என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. டின்னை மட்டும் வைத்துவிட்டுப் போனால் பின்னால் இருப்பவர்கள் காலால் தள்ளிவிடுவார்கள். அதனால் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரமெல்லாம் நான் அங்கேதான் நின்றேன். ஐந்தாம் வகுப்பு. டீச்சரே டாக்ஸி நிற்கும் இடத்துக்கு வந்து, "நல்லா படிக்கிற பொண்ணுங்க, அனுப்புங்க" என்று கேட்டார். "வண்டி ஓடட்டும் டீச்சர், அப்புறம் அவளும் ஓடுவா" என்றார் அப்பா. பக்கத்தில் இருந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

வண்டி ஓடவில்லை. சீமெண்ணெய் குடித்துக் குடித்துக் கரும்புகை கக்கி, காவிரிப் பாலத்தின் நடுவில் ஒரு கல்யாணக் கோஷ்டியோடு நின்றது, நின்றதுதான். எஞ்சின் முழுக்கப் போய்விட்டது என்றார்கள். காயலான் கடைக்காரர் வந்து இழுத்துப்போனார். அதற்குள் நான் பெரியவளாகிவிட்டேன். இனி எதற்குப் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டார்கள். திருவெறும்பூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகள் பெற்று, அவர்கள் சிலேட்டில் எழுதுவதைப் பார்த்துத்தான் மறந்துபோன எழுத்துகளைத் திரும்பப் பிடித்தேன். நாலு பேரையும் படிக்க வைத்தேன். எந்த விளக்கையும் யாரையும் தொட விடவில்லை.

இப்போது மொட்டைக் கோபுரம் இல்லை. வர்ணம் பூசி நிமிர்ந்து நிற்கிறது. சீமெண்ணெய் வரிசை இல்லை, அரிக்கேன் விளக்கு இல்லை, அம்மாவும் இல்லை. புத்தூரில் என் பெரிய மகன் செல்வம் கார் வாங்கப் போகிறான். அவன் காட்டிய படத்தில் மலை ஏறுகிற மாதிரி ஒரு வண்டி. அவன் போகப்போவது ஆபீசுக்கு, அதுவும் தனியாக. எவ்வளவு குடிக்கும் என்று கேட்டேன். சிரித்தான், அதே சிரிப்பு. "அம்மா, மைலேஜெல்லாம் டாக்ஸிக்காரன் பார்க்கிறது" என்றான். எந்த டாக்ஸிக்காரன் பார்த்தான், எனக்குத் தெரியாதா? எண்ணெய் இன்னும் கப்பலில்தான் வருகிறது, குழாய் இன்னும் யாரோ ஒருவன் கையில்தான் இருக்கிறது. அவன் பெண் கயல்விழி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அதனால்தான் எழுத்துக் கூட்டிக் கூட்டி இதை எழுதினேன்.

கயலு, இங்கே வாடி கண்ணு. உங்கப்பா முன்பணம் கட்டக் கிளம்பிக்கொண்டிருக்கிறான், செருப்பு மாட்டுவதற்குள் கூப்பிட்டு உட்கார வை. இதை முதலிலிருந்து சத்தமாக வாசி. விளக்கை அணைத்த இடம் வரும்போது மட்டும் நிறுத்தி, இன்னொரு தரம் வாசி.